திரைக்கு முதுகு காட்டி நின்ற ராக்கெட் அக்கா

வெற்றிடத்தில் சத்தம் கேட்காது. ஒவ்வொரு வருசமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் ஒழுங்காக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். ராக்கெட் அக்கா ஒருவருக்குத்தான் கடைசி வரை என்னால் இதை விளங்கப்படுத்த முடியாமல் போனது.

அவருடைய முதல் படத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே விண்கலம் வரும்போது காதைப் பிளக்கும் ஒரு இரைச்சல் வரும். உருத்திரபுரத்தில் ஒரு நெல் ஆலைக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்த இரைச்சல் அது.

"அக்கா, அங்க காத்தே இல்லை. காத்து இல்லாத இடத்தில சத்தம் எப்பிடிப் போகும்?" என்று கேட்டேன்.

அவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சத்தம் இல்லாட்டி ஸ்பீக்கர் பழுது எண்டு சனம் எழும்பிப் போயிடும் சேர். நீங்கள் வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தருக்கும் காத்து இல்லை எண்டு சொல்லுவியளோ?"

எனக்குச் சரியான கோபம். ஒரு விஞ்ஞான ஆசிரியனை ஆலோசகர் என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டு இப்படியா கதைப்பது? ஆனாலும் அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் மோட்டார் சைக்கிள் தானாக அவருடைய ஸ்டூடியோ வாசலில் போய் நின்றது.

ஸ்டூடியோ கிளிநொச்சி நகரத்தில், பெரிய றோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அக்கா தமையனுடன் நோர்வேக்குப் போய் சில வருசங்களாகிவிட்டன. அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு ஆர் என்று தெரியாது. ராக்கெட் அக்கா என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

சோறு போட்ட தொழில் சாமத்தியவீட்டு வீடியோ. பெண்பிள்ளை பெரிய பிள்ளையானதும் உறவெல்லாம் கூடித் தண்ணீர் வார்த்துச் செய்யும் சடங்குக்குப் பெண் கமராக்காரி வேண்டும் என்று எல்லாத் தாய்மாரும் விரும்பினார்கள். வன்னி முழுக்க அப்படி ஒருவர் என்றால் அது அக்காதான். கனடாவில் இருக்கும் பெரியம்மாவும் லண்டனில் இருக்கும் சித்தியும் பார்க்க வேண்டும் என்பதால் வீடியோவில் வித்தைகள் இருக்கும். தாமரை விரியும், உள்ளே பிள்ளை நிற்கும். சந்திரன் பிளந்து பிள்ளை இறங்கி வரும். இந்தச் சந்திரன்களையும் தாமரைகளையும் செய்து செய்துதான் அவருக்கு விண்வெளிப் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. "சந்திரனைப் பிளக்கத் தெரிஞ்ச எனக்கு ஒரு ராக்கெட்டை இறக்கத் தெரியாதோ?" என்று கேட்டார்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தன்னுடைய படம் ஓடத் தொடங்கியதும் திரைக்குப் பக்கத்தில் போய், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனத்தைப் பார்த்தபடி நிற்பார். கடைசி வரை ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். சாமத்தியவீட்டு வீடியோவைக் கொண்டுபோய் வீட்டாருக்குப் போட்டுக் காட்டும்போதும் அப்படித்தான், ரீவிக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். ஆர் கண்ணைத் துடைக்கிறார்கள், ஆர் போனை எடுக்கிறார்கள், எந்த மாமி எந்த மாமியின் சீலையைப் பார்க்கிறா, எல்லாம் அவருக்குத் தெரியும்.

"உங்கட படத்தை நீங்களே பாக்காட்டி எப்பிடி?" என்று கேட்டேன்.

"படம் எனக்குத் தெரியும்தானே. இந்தச் சனத்தைத்தான் தெரியேல்லை."

முதல் படம் ஆட்களைப் பயப்படுத்துவதற்காக எடுத்த படம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். தண்ணீர் வற்றிப்போன ஒரு கிரகத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகப் பார்ப்பதுதான் கதை. படம் எடுத்த உருத்திரபுரத்தில் வாய்க்கால் தண்ணீர் விளையாட்டு இல்லை. வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் பிழைபட்டு அண்ணனும் தம்பியும் கதைக்காமல் விட்ட வீடுகள் இருக்கின்றன. ஆகவே சனம் கட்டாயம் நடுங்கும் என்று அக்கா நம்பினார்.

விண்கலத்துக்கு இரண்டு கிடாரங்கள் எடுத்தோம். கலியாண வீடுகளுக்குச் சோறு அவிக்க சனசமூக நிலையம் இரவல் கொடுக்கும் பெரிய கிடாரங்கள். வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, உள்ளே சிவப்பு விளக்குப் பூட்டி, கயிற்றில் இறக்கினோம். கமராவுக்குள் பார்க்க எனக்கே மயிர் கூச்செறிந்தது. கிடாரத்தின் வயிற்றில் சிவப்புப் பெயின்டில் சனசமூக நிலையத்தின் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை படம் எடுத்த எங்கள் ஆறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரவல் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். பார்த்துப் பார்த்துக் கண் பழகி, அது பாத்திரத்தின் தோல் என்றே நினைத்துவிட்டோம்.

அந்த நிலையத்தின் மண்டபத்திலேயே படத்தைப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. இருட்டினால் யானை இறங்கும், சனம் வெளிக்கிடாது. அதனால் யன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனால் அடைத்துப் பகலை இருட்டாக்கினோம். விண்கலம் இரைந்துகொண்டு திரை முழுக்க வந்தது. கூடவே நிலையத்தின் பெயரும் வந்தது.

"உது எங்கட கிடாரம்தானே. போன கிழமை என்ர மகளின்ர கலியாணத்துக்குச் சோறு அவிச்சது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

அவ்வளவுதான். மண்டபம் சிரிப்பில் விழுந்தது. அது அடங்கும் முன் நான் வந்தேன். வேற்றுக்கிரகத் தலைவன் நான்தான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், மழைக்கோட்டு, கையில் ரப்பர் உறை. படப்பிடிப்பில் என் மூச்சுப் பட்டு ஹெல்மெட் கண்ணாடி புகாரடித்து மங்கி, வரம்பு தெரியாமல் கால் வைத்து, முழங்கால் வரை சேற்றில் புதைந்து, பிறகு முகம் குப்புற விழுந்திருந்தேன். அதை வெட்டி எறியுங்கோ அக்கா என்று கெஞ்சினேன். அவர் வெட்டவில்லை. "கிரகம் அவருக்குப் புதுசுதானே சேர். வரம்பு எப்பிடித் தெரியும்?" என்றார். இது விஞ்ஞான ரீதியாகச் சரியாக இருந்ததால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அன்று சனம் சிரித்த சிரிப்பில் ஒரு கதிரை உடைந்தது. அக்கா அழுதுவிடுவார் என்று பயந்துகொண்டு பொருட்களைக் கட்டினேன். அவர் வயர் சுற்றிக்கொண்டே, "ஒருத்தரும் பயப்படேல்லை. ஆனா ஒருத்தரும் போனைப் பாக்கவும் இல்லை, கண்டனீங்களோ?" என்றார்.

அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குக் கிடாரம் வந்து இறங்கினாலும் "ராக்கெட் வந்திட்டுது" என்று ஒரு குரல் கேட்கும். பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் "சேர், வரம்பு கவனம்" என்று பின்வாங்கிலிருந்து வரும். அக்காவுக்கு ராக்கெட் என்ற பட்டம் கிடைத்தது, எனக்கு அவமானம் கிடைத்தது.

இரண்டாவது படத்தில் கிடாரமே இல்லை. நூறு வருசத்துக்குப் பிறகு கிளிநொச்சி எப்படி இருக்கும் என்பது கதை. ஒரு பஸ் புளியங்குளத்தில் புறப்பட்டு எதிர்காலத்துக்குப் போய்ச் சேரும். அங்கே நான் ஒரு அதிகாரி. வெள்ளைச் சேர்ட், நிமிர்ந்த நடை. வசனத்தைப் பாடமாக்கி, கண்ணாடிக்கு முன் பழகி, மிகவும் கௌரவமாக நடித்தேன். நான் திரையில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, மண்டபம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. நான் எப்போது விழுவேன் என்று சனம் முழுப் படமும் காத்திருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது "இந்தா, இப்ப" என்றார்கள். விழவில்லை. பாலத்தில் நடந்தேன், விழவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு ஐயா என் தோளில் கை வைத்து, "என்ன தம்பி, இப்பிடி ஏமாத்திப்போட்டியள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

"கிடாரத்தைக் காணேல்லை." "முதல் படம் மாதிரி வராது." இப்படியே கொஞ்ச நாள் கடையிலும் பஸ்ஸிலும் கதை நடந்தது. கிடாரம் வந்திருந்தால் பழைய கிடாரத்தையே திரும்பக் காட்டுகினம் என்று இதே ஆட்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அக்காவின் கணிப்பு. "சனத்துக்கு அதுவும் வேணும், அது இல்லாததும் வேணும்" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இல்லை. பிள்ளை சோறு வேண்டாம் என்று அழுவதைச் சொல்லும் தாய் போலத்தான் சொன்னார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஒரு பெரிய இயக்குநரின் புது விண்வெளிப் படம் வந்திருந்தது. அவருடைய பழைய படங்களை நாங்கள் எல்லாரும் வசனம் வசனமாகப் பாடமாக்கி வைத்திருந்தோம். ஸ்டூடியோவில் கூடி இருந்து புதுப் படத்தைப் பார்த்தோம். பாதியிலேயே எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. பழைய படத்தில் வந்த அந்த அமைதி எங்கே, அந்தக் கடைசித் திருப்பம் எங்கே என்று நான்தான் கூடச் சத்தம் போட்டேன். ரீவிக்குப் பக்கத்தில் நின்ற அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பாவம் அந்த மனுசன்" என்றார். "முதல் படம் எடுக்கேக்க அவருக்குப் போட்டிக்கு ஆக்கள் இல்லை. இப்ப அவரோட அவரே போட்டிக்கு நிக்கிறார். நீங்களும் பழைய ஆளுக்குத்தான் கை தட்டுறியள்." படிக்கட்டில் நான் விழாததற்கு என் தோளைத் தொட்டுக் கவலைப்பட்ட ஐயாவும் நானும் ஒரே இனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சாமத்தியவீட்டில் பிள்ளை சோடனைக் கதிரையில் இருந்தபடியே வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டது. விடிய நாலு மணிக்கு எழுப்பி அலங்கரித்திருந்தார்கள், பாவம். வீடியோவைப் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் வீடே சிரித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமன், அதைத் தனியாக வெட்டித் தாங்கோ, எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்றார். அக்கா வழக்கம் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அக்கா அவளிடம் போய், "வேண்டாமோ?" என்று மெல்லக் கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள். அந்த இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து எல்லாரும் பார்க்க அந்தத் துண்டை அழித்தார். மாமன் குதித்தார். "முகம் அவளின்ர. உங்கட முகம் எண்டா உங்களிட்டைக் கேட்டிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டாரின் சொந்தத்தில் பிறகு ஒருவரும் அக்காவைக் கூப்பிடவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததும் இல்லை.

அழிப்பேன் என்று சொன்னால் அழிக்கிற ஆள் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். மூன்றாவது படம் முழுவதும் அந்தப் பயத்தில்தான் நடந்தது.

முள்ளிவாய்க்காலில் பிலோமினா மாமி என்று ஒருவர் இருந்தார். அறுபது வயது இருக்கும். மகன்மார் கடலுக்குப் போக, மாமி கருவாடு போட்டு விற்பார். நல்ல பெலத்த குரல், ஓட்டமான கதை. ஒரு முறை ஆரோ வந்து வலைகளைப் பற்றிக் கமராவைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "இந்த முறை மீன் பாடு எப்பிடி?" என்று கேட்க, மாமி "கடலிட்டைக் கேளுங்கோ ஐயா, என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்று கையை விசுக்கிச் சொன்னதை எவனோ வெட்டி, பாட்டுச் சேர்த்து, மூன்று தடவை திருப்பித் திருப்பி ஓட விட்டு எல்லாப் போனுக்கும் அனுப்பிவிட்டான். மாமி பஸ்ஸில் ஏறினால் "கடலிட்டைக் கேளுங்கோ" என்று பின்னால் சிரிப்பார்கள். சந்தையிலும் அதுவே. மாமி பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். சந்தைக்கு மருமகளை அனுப்பிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்தத் துண்டு வீடியோ அக்காவின் போனுக்கும் வந்தது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை. அக்கா பாட்டை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் மாமியின் முகத்தை மட்டும் நாலைந்து தரம் பார்த்தார். "சேர், இவவுக்கு ஒண்டுக்கும் அதிசயம் வராது. வானத்தில இருந்து ஒருத்தன் இறங்கி வந்து நிண்டாலும் இரு எண்டு சொல்லுற முகம்" என்றார். மூன்றாவது படம் அப்படிப் பிறந்தது.

மூன்று தரம் போய்க் கேட்டோம். மூன்று தரமும் மாமி முடியாது என்றார். "உங்கட இரண்டு படமும் எங்கட கோயில் மண்டபத்தில போடேக்க பாத்தனான். இந்தச் சேர் விழுந்த இடத்தில எனக்கு வயித்துக் குத்தே வந்திட்டுது. என்னையும் அப்பிடிச் சிரிக்கவோ கூப்பிடுறியள்? இருக்கிற சிரிப்புக் காணும்."

நாலாம் தரம் அக்கா தரையில் மாமிக்கு முன்னால் இருந்து வாக்குக் கொடுத்தார். "ஒராள் உங்களைப் பாத்துச் சிரிச்சாலும் அந்த இடத்திலயே நிப்பாட்டி அழிச்சுப்போடுவன். வேற பிரதி வைக்க மாட்டன்."

"மாதா மேல சத்தியமோ?"

"நான் சைவம் மாமி."

"பரவாயில்லை. மாதா எல்லாரையும் கேப்பா."

திரும்பி வரும் வழியில் அக்கா எனக்குச் செய்தியைச் சொன்னார். இந்த முறை நான் வேண்டாமாம்.

"ஏன், நான் சரியா நடிக்கேல்லையோ?"

"நல்லாத்தான் நடிச்சனீங்கள். ஆனா உங்கட முகத்தைக் கண்டால் சனம் சிரிக்கும். வானத்தில இருந்து வந்தவனை நான் காட்டவே போறதில்லை. மாமியின்ர முகம் மட்டும்தான். வந்தவன் எப்ப வருவான், எப்பிடி இருப்பான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது என்று நாகரிகமாக எழுதலாம். உண்மையில் அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பினேன். மூன்று கிழமை நான் ஸ்டூடியோப் பக்கம் போகவில்லை. நாலாம் கிழமை அக்கா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார். மாமிக்கு வெறும் காற்றைப் பார்த்துக் கதைக்க வரவில்லையாம். அக்காவைப் பார்த்தால் வெட்கம் வருகிறதாம். "அந்தச் சேரைக் கூட்டிவா, அவருக்குச் சாப்பாட்டைக் குடுத்துக்கொண்டு கதைக்கிறன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இப்படியாக, படத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தில் நான் நடித்தேன். மாமியின் குசினியில், அடுப்புக்கு எதிரே, கமராவுக்குப் பக்கத்தில், கவிழ்த்த மீன் பெட்டியில் இருந்தேன். எழுதிக் கொடுத்த முதல் வசனம் "நீங்கள் எந்தக் கிரகத்திலிருந்து வருகிறீர்கள்?" என்பது. மாமி அதைச் சொல்ல மறுத்துவிட்டார். "வீட்டுக்கு வந்தவனிட்டை முதல்ல ஊரையோ கேக்கிறது? சாப்பிட்டியோ எண்டல்லோ கேக்க வேணும்." அக்கா எழுதியதை மடித்து வைத்துவிட்டு, "நீங்கள் கேக்கிறதைக் கேளுங்கோ மாமி" என்றார்.

வேற்றுக்கிரகத்து உயிருக்கு எங்கள் மீன் சமிக்காது, உடலமைப்பே வேறாக இருக்கும் என்று நான் கடமைக்காகச் சொல்லி வைத்தேன். மாமி என் தட்டைப் பார்த்தார். "அப்ப ஏன் நாலு துண்டு திண்டனீங்கள்?"

படம் காட்டும் நாளும் ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபம், அதே கறுப்புப் பொலித்தீன். மாமி ஒரு வான் வண்டி நிறையச் சொந்தக்காரரோடு வந்து முதல் வரிசையில் இருந்தார். கையில் செபமாலை. வாசலில் எவரோ பகிடிக்கு அந்த இரண்டு கிடாரங்களையும் கொண்டுவந்து மாலை போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். என்னைக் கண்டதும் "சேர், இண்டைக்கு எங்க விழுவியள்?" என்றார்கள். அக்கா சட்டைப் பைக்குள் இருந்த பென்டிரைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முழுப் படமும் அதில் மட்டும்தான் இருந்தது.

"முதலே சொல்லிவிடுங்கோ அக்கா, இது சிரிக்கிற படம் இல்லை எண்டு" என்றேன்.

"சொல்லிப்போட்டுச் சிரிக்காமல் இருந்தால் அது மாமிக்கு என்ன மரியாதை சேர்? நீங்கள் தூணுக்குப் பின்னால போய் நில்லுங்கோ. உங்கட முகம் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

படம் தொடங்கியது. மாமியின் குசினி, அடுப்பில் மீன் பொரிகிறது. வெளியே ஒரு வெளிச்சம் இறங்குகிறது. மாமி நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறார்.

"உது சேர்தான்" என்றது ஒரு குரல். சிரிப்புத் தொடங்கியது, முதலில் நாலு பேர், பிறகு ஒரு வரிசை. அவர்கள் சிரித்தது இன்னும் வராத என்னைப் பார்த்து. ஆனால் திரையில் இருந்தது மாமியின் முகம். முதல் வரிசையில் மாமி தலையைக் குனிந்துவிட்டார். அக்கா மடிக்கணினியை நோக்கி நடக்கத் தொடங்கினார். இரண்டு எட்டு வைத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

நான் படத்தில் இல்லை, இந்தா இங்கே இருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிய முன்னால் போய் நிற்பது என்று தூணுக்குப் பின்னாலிருந்து வெளிக்கிட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கர் வயர் காலில் மாட்டியது. கையிரண்டையும் விரித்து, திரையின் வெளிச்சத்துக்கு நடுவில், முதல் வரிசைக் கதிரைகளுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

வேண்டுமென்றேதான் விழுந்ததாக இன்று வரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன், கால் தடக்கிற்று.

இரண்டு படமாக என் விழுகைக்குக் காத்திருந்த சனம் அது. சிரித்தார்கள், கதிரையைத் தட்டினார்கள், எழுந்து நின்று சிரித்தார்கள். தோளில் கை வைத்த அந்த ஐயா கண்ணீர் வழிய "இப்பதான் சரி" என்றார். அக்கா படத்தை நிறுத்திவிட்டு, அழிக்காமல், கைகட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். சனம் சிரித்துக் களைத்து, தண்ணீர் குடித்து, கதிரையைச் சரி செய்து இருக்கும் வரை பொறுத்தார். பிறகு படத்தை முதலிலிருந்து போட்டார். நான் விழுந்த இடத்திலேயே தரையில் இருந்துகொண்டேன்.

மாமி நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "ஆர்? ஏன் வெளியில நிக்கிறாய்? வா, இரு. சாப்பிட்டியோ?" ஒரு சத்தமும் இல்லை. வந்தவன் எப்போது திரையில் வருவான் என்று சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தது. அவன் வரவே இல்லை. மாமி மீனைப் பிரட்டிப் போட்டபடி அவனோடு கதைத்தார். "உங்கட இடத்தில கடல் இருக்கோ? இல்லையோ? அப்ப கறிக்கு என்ன செய்வியள்?" "பயப்படாத. இஞ்ச இருக்கிற எல்லாரும் எங்கையோ போய், எங்கையோ கிடந்து, திரும்பி வந்த ஆக்கள்தான். உன்னை ஒருத்தரும் என்ன ஏது எண்டு கேக்க மாட்டினம்." வந்தவனுக்கு இங்கேயே இருந்துவிட ஆசை போலிருக்கிறது. மாமி அடுப்பை மறந்து அவனையே பார்த்தார்.

"இருக்கலாம். இடம் இருக்கு. உனக்கு அம்மா இருக்கிறாவோ?" கொஞ்ச நேரம் பதிலுக்காகப் பார்த்தார். "அப்ப போ ராசா. அவ தேடிக்கொண்டு இருப்பா. தேடுறது லேசான வேலை இல்லை."

இந்த வசனத்தை ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. படப்பிடிப்பன்று மாமி என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னபோது கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மண்டபத்தில் ஆரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது ஒரு வரிசை முழுக்கப் பரவியது. வெளிச்சம் வாசலிலிருந்து எழும்பிப் போனது. மாமி கரிந்துபோன மீனை எடுத்து வைத்தார். படம் முடிந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. ஒருவரும் எழும்பவும் இல்லை. யன்னல் பொலித்தீனைக் கழற்ற வேண்டிய பெடியன்கள்கூட அசையாமல் இருந்தார்கள். அப்போது பிலோமினா மாமி கதிரையைத் திருப்பிக்கொண்டு எழுந்து, சனத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவருடைய அந்தப் பெலத்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ன பிள்ளை இது? சேரின்ர படத்துக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்ச சனம், என்ர படத்துக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை? அவ்வளவு பிழையோ?"

ஒரு கணம் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு மண்டபத்தை ஆர் பிடிப்பது? அழுத கண்ணோடு எல்லாரும் சிரித்தார்கள், பெண்கள் வந்து மாமியின் கையைப் பிடித்தார்கள், கொஞ்சினார்கள். சந்தைக்குத் திரும்ப எப்ப வருவியள் என்று ஒருவர் கேட்டார்.

அக்கா பென்டிரைவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாமிக்கு முன்னால் வந்து நின்றார். அவர் பகிடி விடவில்லை. "சனம் சிரிச்சிட்டுது மாமி. வாக்குக் குடுத்தனான். அழிக்கட்டோ?"

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கென்ன விசரோ? திருப்பிப் போடு. எங்க சிரிக்கலாம் எண்டு இந்த முறை நான் காட்டுறன்."

திருப்பிப் போட்டோம். கறிக்கு என்ன செய்வியள் என்ற இடத்தில் முதலில் சிரித்தது மாமிதான்.